புதுப்பிப்பு: பென்சில்வேனியா மருத்துவக் கஞ்சா அட்டை கிடைத்துவிட்டது

மாநிலப் பதிவுத் தளம் என் விலாசத்தை ஏற்கவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது, "ஓட்டுநர் உரிமத்தில் உள்ள விலாசத்தோடு ஒத்துப்போக வேண்டும்" என்ற யோசனைதான். வீடு மாறியிருந்ததால் முதலில் உரிமத்தில் விலாசத்தை மாற்றினேன், பதிவு ஏறிவிட்டது. அப்புறம் அங்கீகாரம் பெற்ற மருத்துவர் நாள்பட்ட வலிக்குச் சான்று தந்தார், 50 டாலர் கட்டினேன், அட்டை தபாலில் வந்தது.

எதிர்பாராதது: அட்டையைக் காட்டிக் கஞ்சா வாங்கும் கடையில் கிரெடிட் கார்டு செல்லவில்லை. மருத்துவக் காப்பீடும் இந்தச் செலவை ஏற்காது. பூவாக வாங்கினாலும் புகைக்க அனுமதியில்லை, ஆவியாக்கி இழுக்கலாம். மருந்தாளர் பொறுமையாகப் பேசி, மிகக் குறைந்த அளவில் தொடங்கச் சொன்னார். இப்போது இரவில் தூங்க முடிகிறது.

கிரீன் கார்டில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கட்டாயம் கேளுங்கள். மாநிலம் அனுமதித்தாலும், மத்திய அரசிடம் தரும் குடியுரிமை மனுவை இது பாதிக்கலாம்.