தோட்டத்துப் பழைய ஏடுகளைப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுக்குமுன்

கோயில் கமிட்டி உறுப்பினர், சுங்கை சிப்புட், மலேசியா:

தோட்டம் செம்பனையாகி (எண்ணெய்ப்பனை), தாமானாகவும் (வீடமைப்புப் பகுதி) ஆகிவிட்டது. ஆனால் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு), கோயில் கணக்கு, தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர் எல்லாம் இன்னும் நம் வீடுகளில் பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன. கொடுக்க நினைப்பவர்கள் தயவுசெய்து வருடவாரியாகப் பிரித்து அடுக்காதீர்கள். கிராணி (தோட்ட எழுத்தர்) கட்டிவைத்த கட்டு அப்படியே போகட்டும். எந்த ரசீது எந்தக் கணக்கோடு இருந்தது என்பதும் தகவல்தான். கட்டைப் பிரிக்குமுன் படம் எடுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் (தோட்டப் பிரிவு), யார் கையிலிருந்து வந்தது என்று தனித்தாளில் பென்சிலால் எழுதி மேலே வையுங்கள்.

நூலகப் பாதுகாப்புப் பிரிவு ஊழியர்:

அண்ணன் சொன்னதோடு சேர்த்து, தாள் கெடும் விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். நம் ஊரில் பெரும்பாலும் அதற்கு மேல்தான். நனைந்த ஏட்டை 48 மணி நேரத்துக்குள் உலர்த்தியாக வேண்டும். வெயிலில் போடாதீர்கள், மை வெளிறும், தாள் சுருளும். நிழலில் விரித்து, விசிறியை நேராகக் காட்டாமல் காற்றோட்டம் கொடுங்கள். அந்தக் கால ஊதா காப்பிப் பென்சில் (படியெடுக்கும் பென்சில்) எழுத்தில் ஈரத்துணி படவே கூடாது, உடனே கரைந்து பரவும்.

ரப்பர் பேண்ட் முதலில் இளகும், பிறகு இறுகி, பழுப்புக் கோடாகத் தாளிலேயே ஒட்டிவிடும். இழுத்தால் எழுத்தோடு உரிந்து வரும். அப்படியே விட்டுக் கொண்டுவாருங்கள், நாங்கள் எடுக்கிறோம். துருப்பிடித்த ஸ்டேப்பிளும் அப்படித்தான்: பின்பக்கம் மடிந்த இரு கால்களையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்திய பிறகே முன்பக்கமாக எடுக்க முடியும். செலோடேப், லேமினேட் இரண்டும் வேண்டவே வேண்டாம். நாங்கள் கோதுமை மாவுச்சத்துப் பசையும் ஜப்பானிய மெல்லிய தாளும் கொண்டுதான் ஒட்டுகிறோம், தேவைப்பட்டால் திரும்ப எடுக்கலாம் என்பதால்.

பூச்சி அரித்த கட்டைப் பையில் காற்றுப் புகாமல் மூடி −20 டிகிரியில் ஒரு வாரமாவது உறைய வைப்போம். வெளியே எடுத்ததும் பையைத் திறந்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும். அறைச் சூடு வரும்வரை காத்திருக்க வேண்டும். கண்ணாடி நெகட்டிவ் இருந்தால் உறைய வைப்பதே இல்லை. வீட்டில் அந்துருண்டை போட்டால் நாற்றம்தான் தங்கும், தாள் பிழைக்காது.

ஆய்வு மாணவி:

நாளிதழ் நறுக்குகளைக் கொடுக்குமுன், அந்த இதழ் ஏற்கெனவே மின்வடிவில் இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்கள் உண்டு. தேதியில்லாத நறுக்கு யாருக்கும் அதிகம் உதவாது. ஊர்க்காரர்கள் கையால் எழுதியதுதான் வேறெங்கும் கிடைக்காது, அதை முதலில் கொடுங்கள்.

வாசிக்கப் போகிறவர்களுக்கு: பென்சில் மட்டும்தான். தாளுக்குக் கையுறை வேண்டாம், கழுவி உலர்ந்த கை போதும், கையுறையில் விரலுணர்வு குறைந்து ஓரம் கிழியும். புகைப்படத்துக்கு மட்டும் நைட்ரைல் கையுறை. பெட்டி எண், கோப்பு எண் இரண்டையும் குறிக்காமல் எழுந்துவிடாதீர்கள், மறுமுறை தேடினால் அகப்படாது.

நூலக ஊழியர்:

ஒன்று விட்டுப்போயிற்று, ஐயா. ஒப்படைப்புப் படிவத்தில் கொடுப்பவர் பெயரோடு, பார்வைக்கான நிபந்தனையையும் எழுதச் சொல்லுங்கள். செக்ரோலில் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் சம்பளமும் இருக்கும். உயிரோடிருப்பவர்கள் பெயரும் வரும். அந்தப் பகுதியை மட்டும் இத்தனை ஆண்டு மூடிவைக்க வேண்டும் என்று குடும்பம் கேட்கலாம். கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டும்.