காதுக் கட்டு எந்தப் பக்கம்?

ஓவியர்களின் வாழ்க்கையைச் சொல்லும் படப் புத்தகம் ஒன்றைப் படித்துக் காட்டப்போய் நான் மாட்டிக்கொண்ட கதை இது. மகளுக்கு அப்போது 6 வயது. புத்தகம் வான்கோவைப் பற்றியது. மஞ்சள் வீடு, சூரியகாந்தி, தம்பி தியோ அனுப்பும் பணம் என்று எல்லாம் அழகாகப் போய்க்கொண்டிருந்தது, கடைசிக்கு முந்தைய பக்கத்தில் அவர் வயலில் நின்று வரைகிறார், திருப்பினால் அருங்காட்சியகத்தில் கூட்டம் அலைமோதுகிறது. நடுவில் என்ன ஆனது என்று ஒரு வரி கிடையாது. அப்பாடா என்று மூடப் போனேன். பின்னட்டையின் உள்பக்கத்தில் அவருடைய ஓவியங்களைச் சின்னச் சின்னதாக அச்சிட்டிருந்தார்கள், அதில் ஒன்று காதில் கட்டோடு இருக்கும் அந்த சுய உருவப்படம். விடுவாளா?

"ஏம்மா காதுல கட்டு?"

"அடிபட்டுடுச்சு."

"யாரு அடிச்சா?"

இந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னும் நாலு பொய் வேண்டும் என்று புரிந்ததும் விட்டுவிட்டேன். அவருக்கு மனசு சரியில்லாமல் போனது, அந்த நேரத்தில் தன்னையே காயப்படுத்திக்கொண்டார் என்றேன். அழுவாள் என்று நினைத்தால், "மருந்து போட்டாங்களா?" என்றாள், அவ்வளவுதான். 1889-இல் அவராகவே மனநல மருத்துவமனையில் போய்ச் சேர்ந்ததையும், 'நட்சத்திர இரவு' அங்கே இருந்தபோது வரைந்தது என்பதையும், அந்த வானம் ஜன்னலில் பார்த்தது, கீழே இருக்கிற ஊர் மட்டும் அவராகச் சேர்த்தது என்பதையும் சொன்னேன். அவளுடைய ஆச்சரியம் வேறு இடத்தில் இருந்தது: "ஆஸ்பத்திரியில பெயிண்ட் அடிக்க விடுவாங்களா?"

அப்புறம்தான் வேடிக்கை. பின்குறிப்பில் இடது காது என்று போட்டிருந்தது, படத்திலோ கட்டு வலது காதில். "புக்கு தப்பு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். எனக்கும் ஒரு நிமிடம் குழப்பம்தான். பிறகு அவளுடைய இடது காதை மறைத்துத் துண்டைக் கட்டி, கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, தெரிகிறதை அப்படியே வரையச் சொன்னேன். தாளை எதிரே பிடித்துப் பார்த்தால், அதில் இருக்கிற பெண்ணுக்கு வலது காதில் கட்டு! அன்றைக்கு மூன்று முறை கட்டி அவிழ்த்தோம், ஒரு முறை எனக்கும்.

1890-இல் 37 வயதில் இறந்துவிட்டார் என்பது வரை சொல்லியாயிற்று. எப்படி என்று அவள் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

* * *

மேலே அந்த அம்மா கண்ணாடி என்று எழுதியதும் எனக்கு என் அக்கா மகன் நினைவுக்கு வந்தான். கால் முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்தவனுக்கு மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவைப் பற்றிய புத்தகம் வாங்கிப் போனேன், பயந்துகொண்டேதான், ஏனென்றால் 1925-இல் அவர் சிக்கிய பேருந்து விபத்து அதில் ஒரு முழுப் பக்கம் வருகிறது. அவன் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டிவிட்டான். படுத்தபடியே வரைய அவருக்குச் செய்துகொடுத்த சட்டமும், முகம் தெரிகிற மாதிரி கட்டிலுக்கு மேலே பொருத்திய கண்ணாடியும் இருக்கிற பக்கத்தில்தான் நின்றான். "மாமா, எனக்கும் மாட்டுங்க." விழுந்து வைத்தால் என்ன செய்வது என்று அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். கிடைக்காத கோபத்தில் மாவுக்கட்டின் மேலேயே வரைந்து தள்ளினான். காலோவும் தன் மாவுக்கட்டு உறைகளில் வரைந்தவர்தான் என்பது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

* * *

மேலே இருவரும் வீட்டுக் கதை சொன்னார்கள், நான் ஆசிரியை, எனக்கு வகுப்பறை அனுபவம். முதலில் ஒரு புலம்பல்: இந்த மாதிரிப் புத்தகங்களில் ஓவியர் சொன்னதாக மேற்கோள் குறிக்குள் ஒரு வசனத்தைப் போட்டுவிட்டு, அது கற்பனை என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதுகிறார்கள். அதை எந்தப் பிள்ளை படிக்கும்? நான் இப்போதெல்லாம் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கே எடுத்துப் போகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸைப் பற்றிய புத்தகத்தில், அவர் 1941-இல் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அதிகம் நிற்க முடியாமல், உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாளை நாற்காலியில் உட்கார்ந்தே வெட்டிப் படங்கள் செய்தார் என்ற இடம் வந்ததும் பிள்ளைகள் கையில் கத்தரியைக் கொடுத்தேன். பென்சிலால் கோடு போடக் கூடாது, நேரே வெட்டணும். ஒருத்தி கத்தரியைத் தொடவே இல்லை. "தப்பா வெட்டிட்டா அழிக்க முடியாதே மிஸ்." அவர் துண்டுகளைக் குண்டூசியால் குத்திக் குத்தி இடம் மாற்றுவார் என்று சொல்லிப் பார்த்தேன், ம்ஹூம். மறுநாள் பார்த்தால் அவள் நோட்டு அட்டையில் மூன்று வால் வைத்த மீன் ஒன்று ஒட்டியிருக்கிறது.