மறு: டென்செக்ரிட்டி மேசை – ‘இழுகட்டு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

கம்பி, சங்கிலிகளின் இழுப்பில் நின்று, மேல்பாதி அந்தரத்தில் நிற்பதுபோலத் தெரியும் டென்செக்ரிட்டி மேசைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு, ‘மிதவை மேசை’, ‘அந்தர மேசை’, ‘தூக்குமேசை’ என்று இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. முதல் இரண்டும் மேசை கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதைச் சொல்கின்றன. எது தாங்குகிறது என்பதைச் சொல்லவில்லை. கலைச்சொல் அதைத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

இங்கே செங்கோட்டையில், மர மில்லை ஒட்டிய பட்டறை ஒன்றில் ஆசாரி ஒருவர் தேக்குத் துண்டுகளில் இப்படி ஒரு மேசை செய்து வைத்திருக்கிறார். அடிப்பலகையிலிருந்து ஒரு கை எழுந்து நடுவுக்கு வளைகிறது. மேற்பலகையிலிருந்து இறங்கும் இன்னொரு கை அதற்கும் கீழே வந்து முடிகிறது. இரண்டும் எங்கும் தொடவில்லை. முதல் கையின் நுனியிலிருந்து ஒரு சாண்கூட இல்லாத சங்கிலி. அதில்தான் மேல்பாதி மொத்தமும் தொங்குகிறது. ஓரத்தில் மூன்று கம்பிகள். “நடுச்சங்கிலிதான் சொமக்குது, மத்ததெல்லாம் சாயாம புடிச்சிக்கிட்டிருக்கு” என்றார். ஓரக் கம்பிகளை முறுக்க முறுக்க நடுச்சங்கிலிக்குப் பாரம் கூடும். பலகையின் எடையோடு அந்த இழுப்பும் அதன் தலையில்தான். கயிறாகப் போட்டால் நாளடைவில் நீண்டு மேசை தள்ளாடுமாம்.

‘தூக்குமேசை’க்கு வருகிறேன். எங்களுக்கு அது இயல்பாக வாயில் வரும். ஆரியங்காவு தாண்டினால் புனலூர். அங்கே கல்லடையாற்றின் மேல் 1877-இல் கட்டிய சங்கிலிப் பாலத்தை மலையாளத்தில் தூக்குப்பாலம் என்பார்கள், தொங்குவதால். ஆனால் தமிழ்நாட்டில் தூக்குப்பாலம் என்றால் பாம்பன்; கப்பலுக்கு வழிவிடத் தூக்குவதால். எல்லையின் இரு பக்கமும் வேறு பொருள் தரும் சொல்லை வைத்துக்கொண்டு மேசையை யார் தூக்குவது என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ‘தொங்குமேசை’ என்றாலோ உத்திரத்தில் கட்டிய ஊஞ்சல் பலகைதான் நினைவுக்கு வரும்.

‘மிதவை’ சொன்ன நண்பருக்கு ஓர் ஆதரவு உண்டு. 1948 வாக்கில் இந்த வகைச் சிற்பங்களைச் செய்யத் தொடங்கிய கென்னத் ஸ்னெல்சன், வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் வைத்த டென்செக்ரிட்டி என்ற பெயரைவிட ‘மிதக்கும் அமுக்கம்’ என்பதையே விரும்பினார். ஆனால் அவர் மிதக்கிறது என்றது, அமுக்கத்தைத் தாங்கிக்கொண்டு ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் தண்டுகளை. அமுக்கத்தை விட்டுவிட்டு மிதப்பை மட்டும் எடுத்தால் பாதிதான் கிடைக்கும்.

ஆகவே என் பரிந்துரை ‘இழுகட்டு’. இழுவிசையால் கட்டுண்டு நிற்பது. இழுகட்டு மேசை, இழுகட்டுச் சிற்பம் என்று நன்றாகவே ஒட்டுகிறது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இதே முறையில் கட்டிய குரில்பா பாலத்தையும் இழுகட்டுப் பாலம் எனலாம். வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. அவசரத்தில் யாராவது ‘இழுக்கட்டு’ என்று தட்டினால் இழுக்கு வந்து சேரும், அது ஒன்றுதான் பயம்.

அப்புறம், பின்கால் இல்லாத நாற்காலியையும் இதே சொல்லில் அடக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கூடாது. கட்டடக் கலைஞர் மார்ட் ஸ்டாம் 1926-இல் எரிவாயுக் குழாய்களைக் கோத்துச் செய்த அந்த வகையில் கம்பியும் இல்லை, கட்டும் இல்லை; உட்காருபவர் பாரத்தை வளைந்த குழாயின் விறைப்பு வாங்கிக்கொள்கிறது. அது கான்டிலீவர், அதாவது ஒரு முனையில் மட்டும் பிடிப்போடு நீட்டி நிற்பது. நாலு காலும் தேறாததை நாற்காலி என்பதா என்ற வழக்கும் அதில் இருக்கிறது. தனி இழையில் பார்ப்போம்.

‘இழுகட்டு’க்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். குறிப்பாக, கட்டடப் பொறியாளர்கள் ‘கட்டு’ என்பதை வேறு எதற்காவது ஏற்கெனவே புழங்குகிறார்களா?