கப்பல்ல பெட்டியும் டிப்ஸும்: நம்ம ஊர்க்காரங்க அனுபவம் சொல்லுங்க

பாளை சாந்திநகர்:

மயாமி துறைமுகத்துல நடந்த ஒண்ணு மனசுலயே நிக்குது. தங்கச்சி குடும்பம் ஃப்ளோரிடால இருக்கு. அப்பா அம்மாவுக்குக் கரீபியன் கப்பல் டிக்கெட் போட்டாங்க, நானும் கூடப் போனேன். கப்பல் எப்படி இருந்துச்சுங்கிறத விட்டுட்டு, நேரா விஷயத்துக்கு வாரேன்.

துறைமுகத்துல கார் நிக்கிற இடத்துலயே, பெட்டிய வாங்கிக் கப்பலுக்கு அனுப்புற போர்ட்டர் நிப்பாங்க. கேபின் (கப்பல்ல நம்ம ரூம்) நம்பர் போட்ட காகித டேக்கைப் பெட்டியில ஸ்டேப்ளர் அடிச்சு வச்சிருந்தோம். வந்தவருக்கு எப்படியும் எழுபது வயசு இருக்கும். நரைச்ச தாடி, முழங்கால்ல பட்டை. எங்க பெட்டி எல்லாத்தையும் தூக்கிக் கம்பிக்கூண்டு வண்டியில அடுக்க ஆரம்பிச்சார். அப்பா தன் பெட்டிய மட்டும் விடல. "என்னைவிட மூத்தவரு மாதிரி இருக்காரு, அவரு தூக்க நான் பாத்துட்டு நிக்கவா?"ன்னு கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டார். அவரும் இந்தப் பக்கம் பிடிச்சுக்கிட்டார். பின்னால கார் வரிசை ஹாரன் அடிக்குது. அப்பா ரயில்வேல ரிட்டயர் ஆனவர், திருநெல்வேலி ஜங்ஷன் சிவப்புச்சட்டைக்காரங்களோட வருஷக்கணக்கா ஒரே பிளாட்பாரத்துல நின்னவர். அங்கயும் வயசான போர்ட்டர் வந்தா தன் பெட்டியைத் தானே தூக்கிக்கிட்டு நடக்குற ஆளு. கடைசியில அந்தப் பெரியவர் அப்பா கைமேல தன் கைய வச்சு, "சார், இது என் வேலை"ன்னார். அப்பா கைய எடுத்துட்டார்.

தங்கச்சி மாப்பிள்ளை பெட்டிக்கு 2 டாலர்னு எண்ணி நீட்டினார். அப்பா அதைத் தடுத்து, தன் பர்ஸ்ல இருந்து 20 டாலர் எடுத்து ரெண்டு கையாலயும் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு அது பிடிக்கல. "அவங்க துறைமுகத் தொழிலாளர் சங்கத்துல இருக்கிறவங்க, சம்பளம் தனியா உண்டு, பெட்டிக்கு 1, 2 டாலர்தான் வழக்கம், நாம கூட்டிக் கொடுத்து வழக்கத்தக் கெடுக்கக் கூடாது"ன்னு கப்பல் ஏறுற வரைக்கும் பேசிக்கிட்டே வந்தார். அப்பா பதில் சொல்லல, ஏறினதும் போய்ப் படுத்துட்டார். உங்க வீட்டுப் பெரியவங்க இப்படி நடந்துக்கிட்டாங்களா? நீங்க என்ன கொடுத்தீங்க?

அம்பை அக்கா:

தம்பி, உங்க அப்பா செஞ்சதுதான் சரி. மனசாரக் கொடுக்கிற கையக் கணக்குக் கேக்கக் கூடாது.

எனக்கு மயாமி தெரியாது. மகன் சிங்கப்பூர்ல இருக்கான். பினாங்கு, புக்கெட் போற கப்பல்ல எங்களையும் எங்க அத்தான், மைனியையும் அனுப்பி வச்சான். மரினா பே துறையில பெட்டிய வாங்கிக்கிட்டாங்க, ஒருத்தரும் காசு கேக்கல, காசுக்குன்னு நிக்கவும் இல்ல. சாயங்காலம் கதவத் தொறந்தா வாசல்ல பெட்டி.

இறங்குறதுக்கு முந்தின ராத்திரிதான் வந்துச்சு வினை. பெட்டியப் பூட்டி வாசல்ல வச்சிரணும்னு ரூம்ல இங்கிலீஷ்ல ஒரு தாள். அத்தான் ஒழுங்கு தப்பாத மனுஷன். சொன்ன நேரத்துக்கு முன்னாலயே எல்லாத் துணியையும் மடிச்சுப் பெட்டியில வச்சு வெளிய தள்ளிட்டு, சாரத்தோட (லுங்கி) படுத்துட்டாவ. காலைல உடுத்த ஒண்ணும் இல்ல, பெட்டியெல்லாம் ராத்திரியே கீழ போயிட்டு. சாரத்தோட போயி இமிக்ரேஷன்ல நிக்க மாட்டேன்னு கட்டில்ல உக்காந்துட்டாவ. மைனி அழுதுட்டாவ. ரூம் பாக்குற பையன் இந்தோனேசியாக்காரன். எங்களுக்கும் அவனுக்கும் பாஷை இல்ல. ஆனா அவங்க ஊர்லயும் சாரம்தான கட்டுதாங்க, பாத்தவுடனே புரிஞ்சுக்கிட்டான். ஓடிப்போயி தன்னோட சொந்தப் பேண்டும் சட்டையும் கொண்டாந்து கொடுத்தான். அத்தான் உசரத்துக்கு அந்தப் பேண்டு கணுக்காலுக்கு மேல நின்னுச்சு. 50 சிங்கப்பூர் வெள்ளி நீட்டினாவ, வாங்கல. மைனி அவன் பையில வைக்கப் போனா ரெண்டடி பின்னால போயிட்டான். கைய நெஞ்சுல வச்சுத் தலைய மட்டும் அசைச்சான். துணிய எப்படித் திருப்பிக் கொடுக்கன்னு சைகையில கேட்டோம், வேண்டாம்னுட்டான்.

கப்பல்காரங்க அனுப்புற கருத்துத் தாள்ல அந்தப் பையன் பேர எழுதச் சொன்னான் மகன், எழுதினோம். அது அவனுக்குப் போதுமாங்கிறதுதான் இன்னும் கெடந்து உறுத்துது.

தென்காசிக்காரன்:

அக்கா, கணக்குக் கேக்கக் கூடாதுன்னு சொல்றீங்க. கப்பல்காரன் நம்மகிட்ட கணக்குப் போட்டுத்தான வாங்குறான்? பெரிய அமெரிக்கக் கம்பெனிகள்ல ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரைக்கும் டிப்ஸ்னு அவங்களாவே நம்ம கணக்குல ஏத்துறாங்க. 18 டாலர்னு வச்சுக்குங்க, புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கு 7 நாளைக்கு 252 டாலர். ஜூஸ் வாங்கினா, அதுக்கு மேல 18, 20 சதவீதம் தனி. நான் கொடுக்கிறதுக்கு முன்னாலயே எடுத்துக்கிட்டா அதுக்குப் பேரு டிப்ஸா, கட்டணமா? டிக்கெட் விலையில சேத்துச் சொல்லிரலாமே!

கடைசி நாள் கவுண்டர்ல போய் அதை நீக்கச் சொன்னேன். அது பயணியோட உரிமை, பல கம்பெனிகள்ல நீக்குவாங்க. "சேவையில குறையா சார்?"னு அந்தப் பொண்ணு கேட்டா, வரிசையே திரும்பிப் பாத்துச்சு. குறை இல்ல, நேரா அவன் கையில கொடுக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்து, எங்க ரூம் பாக்குற ஸ்டூவர்டுக்கு 100 டாலர் கொடுத்தேன். கும்பிட்டு வாங்கினான். ஆனா உடனே, "கவுண்டர்ல எடுத்துட்டீங்களா சார்?"னு மெதுவாக் கேட்டான். ஆமான்னேன். அவன் முகம் அப்படியே விழுந்துபோச்சு. முழுசா 100 டாலர் கையில இருக்கு, ஏன் முகம் விழணும்? ஊர் வந்து சேந்தும் விடை கிடைக்கல.

முருகன்குறிச்சி:

எங்க சபையில இருந்து புனிதப் பயணம் போனப்ப எகிப்துல லக்சர்ல இருந்து அஸ்வான் வரைக்கும் நைல்ல கப்பல். அங்க கரையில இடம் இல்லாம கப்பல்களை ஒண்ணையொட்டி ஒண்ணாக் கட்டியிருப்பாங்க. நம்ம கப்பலுக்குப் போக அடுத்தவன் கப்பல் வரவேற்பறை வழியா நடக்கணும். நீளமான கலாபியா அங்கி போட்ட ஒருத்தர் எங்க ஆள்களோட பெட்டிய முதுகுல ஒண்ணு, தோள்ல ஒண்ணுன்னு ஏத்திக்கிட்டு, ஆடுற பலகை மேல கீழ பாக்காமலே நடந்து போனார். எனக்குத்தான் அடிவயிறு கலங்குச்சு. எங்க வழிகாட்டி முன்னாலயே எல்லாருகிட்டயும் ஒரே கவர்ல காசு வாங்கிட்டார், வரவேற்பறைப் பெட்டியில போட்டா எல்லாரும் பிரிச்சுக்குவாங்கன்னார். அந்த அங்கிக்காரர் கப்பல் ஆள் இல்ல, கரை ஆள். அவருக்கு அந்தக் கவர்ல பங்கு உண்டான்னு கேட்டேன். வழிகாட்டி அடுத்த கோயிலைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டார்.

உவரிக் கடக்கரை:

தென்காசி அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. அந்தப் பையன் மொகம் ஏன் விழுந்துச்சுன்னு நான் சொல்லுதேன். நான் அந்த வேல பாத்தவன்.

சில கம்பெனியில நீங்க கவுண்டர்ல நீக்கிட்டியன்னா, உங்க கையால வாங்குன ரூவாயையும் அவன் கொண்டுபோயி பொதுக் கணக்குல கட்டணும். நீக்காம, அதுக்கு மேல கொடுத்தாத்தான் அது அவனுக்கு. 252 டாலர் போன எடத்துல அந்த 100-ம் அவனுக்கு இல்ல. அவன் வாய்விட்டுச் சொல்ல முடியாது, கேட்டதே பெருசு. அந்தப் பொதுக் கணக்குல அவன் மட்டும் இல்ல, சாப்பாட்டு மேசை ஆளு, நீங்க கண்ணால பாக்காத ஆளுன்னு பல பேரு இருக்கான். அடிப்படைச் சம்பளம் கொஞ்சம், இத நம்பித்தான் ஆறு மாசம், ஒம்பது மாசம்னு வீட்ட விட்டுட்டுக் கெடக்கோம். டிக்கெட் விலையில சேக்கணும்னு சொல்லுதிய பாருங்க, அது நூத்துக்கு நூறு நியாயம். அத கம்பெனிக்காரன்கிட்ட கேளுங்க. ஸ்டூவர்டு தலையில வச்சுக் கேக்காதிய.

எனக்கும் ஒண்ணு மனசுல கெடக்கு. ஆளு மாறுற நாளுன்னா காலைல மூவாயிரம் பேரு எறங்கி, அன்னைக்கே மூவாயிரம் பேரு ஏறும். பெட்டியெல்லாம் கூண்டு வண்டியில வந்து, எக்ஸ்ரே பாத்து, கீழ கப்பல் நீளத்துக்கும் போற ஒரு நடையில வந்து குவியும். அமெரிக்கக் கப்பல்கள்ல அந்த நடைக்கு ஐ-95னு அவங்க ஊரு ரோட்டுப் பேரு. அங்கனருந்து மாடி மாடியாப் பிரிச்சு நாங்க வாசல்ல வைப்போம். ஒருநாள் செக்யூரிட்டியில ஒரு பெட்டிய நிறுத்திட்டாங்க. அடையாளத்துக்குக் கைப்பிடியில மஞ்சப்பை கட்டியிருக்கு, திருநெல்வேலி ஜவுளிக்கடைப் பேரு போட்டது! நான்தான் அந்த ஆச்சியக் கூட்டிட்டு வந்தேன். தொறந்தா உள்ள ரைஸ் குக்கர்.

சூடாக்குற சாமான் எதையும் கேபினுக்குள்ள விட மாட்டாங்க. அயர்ன் பாக்ஸ், கெட்டில் எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு எறங்கும்போதுதான் தருவாங்க. கடல்ல தீப்பிடிச்சா எங்கன ஓடுவிய? அதச் சொன்னேன். ஆச்சி என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு, "ஏல, நீ எந்த ஊரு?"ன்னாவ. உவரின்னேன். "அந்தோணியார் கோயில் உவரியா? அப்ப நீயே சொல்லுல, நான் மூணு வேளையும் ரொட்டியத் திங்கவா?" சொல்லிக்கிட்டே மடியிலருந்து 10 டாலர எடுத்து, கல்யாண வீட்டுல மொய் திணிக்கிற மாதிரி என் சட்டப் பையில திணிச்சுட்டாவ. செக்யூரிட்டி ஆபிசர் முன்னால! அது லஞ்சம்னு எழுதினா என் வேல போயிரும். அந்த ஆபிசர் நேபாளி. மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு நின்னான்.

குக்கர் கெடைக்கல. அன்னைக்கு ராத்திரியே கிச்சன்ல இருந்த நம்ம நாட்டுச் சமையல்காரர்ட்ட கெஞ்சி சோறும் தயிரும் ஏற்பாடு பண்ணேன். பயணம் முடியுற வரைக்கும் பண்ணேன். எங்க ஆச்சின்னா பட்டினி போடுவனா? ஆனா அந்த 10 டாலருக்குத்தான் சோறு வந்துச்சுன்னு அவிய நெனச்சிட்டுப் போயிருப்பாவளோன்னு இன்னைக்கும் ஒரு வேதன.

இன்னொண்ணும் சொல்லிருதேன், நம்ம கடக்கரைப் பையன்வ இதப் படிப்பான்வ. கப்பல் வேல வாங்கித் தாரேன்னு லட்சக்கணக்குல கேக்குற ஏஜெண்ட்ட பணம் கட்டாதிய. சர்வதேசக் கடல் தொழிலாளர் ஒப்பந்தம் 2006-ன்படி வேல சேத்துவிடுறதுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், சி.டி.சி. (கப்பல் வேலைக்கான அடையாளப் புத்தகம்), மெடிக்கல் செலவுதான் நம்மளது. ஏஜெண்ட்டுக்கு டி.ஜி. ஷிப்பிங் (மத்திய அரசோட கப்பல் துறை இயக்குநரகம்) லைசென்ஸ் இருக்கான்னு மொதல்ல பாருங்க.

மகாராஜநகர் ஆசிரியர் (ஓய்வு):

என் அனுபவம் சிறியது. ரோமுக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளியுள்ள சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில், சீருடை இல்லாத ஒருவன் பேருந்தின் வயிற்றிலிருந்து என் மனைவியின் பெட்டியைத் தானாகவே உருவிக்கொண்டு பத்தடி நடந்துவிட்டு 10 யூரோ கேட்டான். பெட்டியை அவன் விட்ட பிறகுதான் என் மனைவிக்கு மூச்சே வந்தது.

ஆகவே புறப்படுவோர் கவனிக்க வேண்டும். சீருடையோ அடையாள அட்டையோ இல்லாதவரிடம் பெட்டி கைமாறக் கூடாது. சில்லறைத் தாள்களை ஊரிலிருந்து கிளம்பும்போதே 1, 5 டாலர்களாக மாற்றிக்கொள்ளுங்கள். துறைமுக வாசலில் 100 டாலரை நீட்டி மீதி கேட்க முடியாது. நாணயங்களாகக் கொடுக்காதீர்கள், வேறு நாட்டுக்காரரான பணியாளர் அதை மாற்றப் பெரும்பாடு பட வேண்டும். இந்திய ரூபாயும் அவருக்கு அப்படித்தான்.

காகித டேக் மழையிலும் உராய்விலும் கிழியும். அதற்கென்றே பிளாஸ்டிக் உறை விற்கிறது, வாங்கிப் போடுங்கள். பெட்டிக்கு உள்ளேயும் பெயரும் கேபின் எண்ணும் எழுதிய தாள் இருக்கட்டும். துறையில் பெட்டியை வாங்குபவர் ரசீது தரமாட்டார், அது கேபினுக்கு வர ராத்திரிகூட ஆகலாம். எனவே பாஸ்போர்ட், சர்க்கரை மாத்திரை, இன்சுலின், நகை, கண்ணாடி, ஒரு மாற்றுடை இவை உங்கள் கைப்பையை விட்டுப் போகக்கூடாது. இறங்கும் நாளிலும் இதே விதி. அம்பை சகோதரியின் அத்தானுக்கு நேர்ந்தது யாருக்கும் நேரலாம். தூக்கும் வலு இருந்தால், பெட்டியை ராத்திரி வெளியே வைக்காமல் காலையில் தாமே உருட்டிக்கொண்டு முதலில் இறங்க அனுமதி உண்டு. முதல் நாளே கேட்டு வையுங்கள்.

நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் பழக்கமே இல்லை, விட்டுவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று ஓடி வந்து தருவார்கள். சிங்கப்பூர் உணவகங்கள் பலவற்றில் 10 சதவீதம் பில்லிலேயே இருக்கும். பிரிட்டனின் பி அண்ட் ஓ கப்பல் நிறுவனம் 2019-இல் தினசரி டிப்ஸ் கட்டணத்தை நீக்கி டிக்கெட் விலைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. தென்காசி அன்பர் கேட்பது நடக்க முடியாத காரியம் அல்ல.

தென்காசிக்காரன்:

உவரித் தம்பி, விவரம் புரிஞ்சுது, நன்றி. கட்டணத்தைத் தனியா ஏத்துறது தப்புங்கிறதுல நான் மாறல, சாரும் அதைத்தான் சொல்றார். ஆனா இனிமே கவுண்டருக்குப் போக மாட்டேன்.

சாந்திநகர் நண்பரே, சங்கத்து ஆளா இருந்தா என்ன, உங்க அப்பா கொடுத்தது அவர் காசு. மாப்பிள்ளை அத்தோட விட்டிருக்கணும்.

பாளை சாந்திநகர்:

அண்ணாச்சி, இதை அப்படியே மாப்பிள்ளைக்கு அனுப்புறேன். உவரித் தம்பி, அம்பை அக்கா கேட்டாங்களே, கருத்துத் தாள்ல பேர் எழுதினா உண்மையிலயே பிரயோஜனம் உண்டா?

உவரிக் கடக்கரை:

உண்டு அண்ணாச்சி. மேலதிகாரி அதப் படிப்பாரு, அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி ஒசர்வுக்கும் பேசும். வெறும் பேரு போதாது, ஒரே பேருல நாலு பேரு இருப்பான். கேபின் நம்பர், தேதி, அவன் என்ன செஞ்சான்னு சேத்து எழுதணும். அக்கா, நீங்க பேண்டு கொடுத்தத எழுதினியளா? எழுதலன்னா இப்பவும் கம்பெனிக்கு மெயில் போடலாம், மகன்ட்ட சொல்லிப் போடச் சொல்லுங்க.

அம்பை அக்கா:

அத எழுதலய்யா. இப்பவே மகனுக்குப் போன் போடுதேன்.