அரிசி மூட்டைக்குத் துணையாக மிராஜ்: 1987 பற்றி ஒரு விவாதம்

கூடலூர்க்காரி: நேற்று வெலிங்டன்வாசி இங்கே எழுதியது இது: "அண்டை நாட்டுக்குள் புகுந்து அடிக்கத் தெரியாத நாடு வல்லரசாகாது. இலங்கையில் பாதியில் திரும்பினோம், அதுதான் தவறு." எது பாதி? 1987 ஜூலை கடைசியில் அமைதிப்படை என்ற பெயரில் போய் 1990 மார்ச்சில்தான் திரும்பினோம். ஏறத்தாழ 1,200 வீரர்களைப் பறிகொடுத்தோம். புலிகளிடம் ஆயுதத்தை வாங்கப் போய் அவர்களோடே போர். பிரேமதாசா இலங்கை அதிபரானதும் நம்மை வெளியேறச் சொன்னார், நம்மோடு மோதிய புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்தார். மீதிப் பாதி எது என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

வெலிங்டன்வாசி: அம்மா, நாமாகப் போகவில்லை. 1987 ஜூலை 29 அன்று இலங்கை அதிபர் ஜெயவர்த்தனே ராஜீவ் காந்தியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அழைத்தார். நான் யாழ்ப்பாணத்துப் பலாலி விமானத் தளத்தில் இறங்கியவன், புத்தகம் படித்துப் பேசவில்லை. கையைக் கட்டிப்போட்டுச் சண்டைக்கு அனுப்பினார்கள். முழுப் பலத்தையும் இறக்க விட்டிருந்தால் ஒரு மாதத்தில் கதை முடிந்திருக்கும்.

கூடலூர்க்காரி: அழைத்தாரா? ஜூன் 4 எங்கே போயிற்று? படகுகளில் அனுப்பிய நிவாரணப் பொருள்களை முந்தைய நாள் இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் நம் விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவு மூட்டைகளைப் போட்டன. கூடவே மிராஜ் 2000 போர் விமானங்கள். அரிசி மூட்டைக்கு மிராஜ் எதற்கு? அதைப் பார்த்து மிரண்டு போட்ட கையெழுத்துக்கு அழைப்பு என்றா பெயர்? ஒப்பந்தத்துக்கு மறுநாள் அணிவகுப்பிலேயே ஒரு கடற்படை வீரன் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தானே, அதுவும் உபசாரமா?

வெலிங்டன்வாசி: மிராஜ் ஒரு குண்டாவது போட்டதா? போட்டதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

ஊட்டி மலைரயில்: எல்லாத் தலையீடும் தோல்வி என்பதுபோல் அம்மா எழுதுகிறார். 1971 வங்கதேசப் போர் என்ன? 1988இல் மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பை அடக்கியது என்ன? அவை தோல்வியா?

கூடலூர்க்காரி: 1971ஐ எடுக்கிறீர்களே, கேளுங்கள். ஏப்ரலிலேயே போகலாம் என்றபோது "இப்போது முடியாது" என்றவர் அன்றைய ராணுவத் தளபதி மானெக்ஷா. கடைசிக் காலத்தில் இதே குன்னூரில் வாழ்ந்தவர். டிசம்பர் வரை காத்திருந்தார்கள். அந்த நாட்டு மக்கள் நம் பக்கம் இருந்தார்கள். 1972 மார்ச்சில் நம் படை திரும்பிவிட்டது. மாலத்தீவில் அதிபர் கயூமே உதவி கேட்டார், வேலை முடிந்ததும் கிளம்பினோம். இரண்டிலும் எதற்குப் போகிறோம், எப்போது திரும்புகிறோம் என்பது தெரிந்திருந்தது. இப்படிக் காத்திருந்ததைச் சிலர் கோழைத்தனம் என்கிறார்கள். ஜெயித்தால் அடித்ததால் ஜெயித்தோம், தோற்றால் போதிய அளவு அடிக்கவில்லை! இந்தக் கணக்கில் அவர்கள் எந்தக் காலத்திலும் தோற்க மாட்டார்கள். சாகிறவன் வேறு யாரோ.

வெலிங்டன்வாசி: செத்தவர்களைப் பற்றி எனக்குச் சொல்லித்தராதீர்கள்.

கூடலூர்க்காரி: சொல்லத்தான் வேண்டும். அக்டோபர் 12 அதிகாலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கியப் படைப்பிரிவினர் முப்பது பேர். பிழைத்தவர் ஒருவர், அவரும் கைதி. அவர்களிடம் தைரியத்துக்குப் பஞ்சமா? அனுப்பியவர்கள் புலிகளைக் குறைத்து எடைபோட்டார்கள். ஈராக்கில் அமெரிக்காவும் இதையேதான் செய்தது. 2003 மே மாதம் அந்நாட்டு ராணுவத்தையே கலைத்தது, ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானவர்கள் வேலையில்லாமல் தெருவுக்கு வந்தார்கள். எதைக் காரணம் காட்டிப் போனார்களோ அந்தப் பேரழிவு ஆயுதம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

வெலிங்டன்வாசி: ஈராக்குக்கு ஓடாதீர்கள். மிராஜ் குண்டு போட்டதா?

கோத்தகிரி இலை: சோவியத்தும் 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் போனது, 1989 பிப்ரவரியில் வெளியே வந்தது. மூன்று வருடத்துக்குள் சோவியத் என்ற நாடே இல்லை. நம் தேயிலைக்குப் பெரிய கொள்முதல்காரன் போனான். அடிபட்டது பச்சை இலை போடும் நாங்கள்.

ஊட்டி மலைரயில்: ஆப்கானிஸ்தானுக்கும் உங்கள் இலைக்கும் முடிச்சுப் போடுகிறீர்களே, நல்ல கூத்து. முற்றல் இலையைக் கலந்து போட்டால் எந்த நாட்டுக்காரன் வாங்குவான்?

கோத்தகிரி இலை: முற்றல் இலை என்று யாரைச் சொல்கிறீர்கள்? ஒரு நாள் கூடை சுமந்திருக்கிறீர்களா?

வெலிங்டன்வாசி: அம்மாவிடம் ஒன்று கேட்கிறேன். 1964இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் அங்கிருந்த மலையகத் தோட்டத் தமிழர்களைப் பற்றிப் பேசித்தானே முடிவெடுத்தார்கள்? சண்டையே இல்லை. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், மூன்று லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். நீங்கள் கொண்டாடும் பேச்சுவார்த்தை அதுதான். அன்று நாம் பலமாக நின்றிருந்தால் உங்கள் குடும்பம் தேயிலைத் தோட்ட லயத்தில் வந்து விழுந்திருக்குமா?

கூடலூர்க்காரி: என் மாமனார் அட்டன் பக்கத்தில் பிறந்தவர். ஒரு தகரப் பெட்டியோடும் மூன்று பிள்ளைகளோடும் தலைமன்னாரில் கப்பல் ஏறினார். அந்த ஒப்பந்தத்தை இங்கே யார் புகழ்ந்தது? அவரை ஒருவரும் கேட்கவில்லை, அதுதான் எங்கள் குறை. மிராஜை அனுப்பியபோது மட்டும் யாழ்ப்பாணத்துக்காரனைக் கேட்டார்களா? என் குடும்பத்தை உங்கள் வாதத்துக்கு முட்டுக்கொடுக்காதீர்கள். அரிசி மூட்டைக்கு மிராஜ் எதற்கு என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

வெலிங்டன்வாசி: குண்டு போடவில்லை என்பதே பதில்.

கூடலூர்க்காரி: போன மழைக்காலத்தில் காட்டெருமைக்கு வெடி போடச் சொன்னவரும் நீங்கள்தான். அது மிரண்டு பக்கத்துத் தோட்டத்து வேலியை உடைத்துக்கொண்டு போனது. உங்கள் வெளியுறவுக் கொள்கை அன்றைக்கே தெரிந்துவிட்டது.

வெலிங்டன்வாசி: வேலிக்குப் பாதிப் பணம் கொடுத்தேன். அதை ஏன் எழுதவில்லை?

கோத்தகிரி இலை: அது என் வேலி. பாதியும் வரவில்லை. கம்பிக்குக் கொடுத்தீர்கள், கல்தூணுக்கு யார் கொடுத்தது?

ஊட்டி மலைரயில்: முற்றல் இலை விற்ற காசில் போட்டுக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி இலை: மறுபடியும் முற்றல் இலையா? நாளை ஏழு மணிக்கு இலை எடை போடும் இடத்துக்கு வாருங்கள். கூடையைக் கொட்டிக் காட்டுகிறேன்.