சைவம் மட்டுமே சாப்பிடும் அம்மாவைத் தெருமுனை மெக்சிகன் கடைக்கு அழைத்துப் போகலாமா?

நெல்லைக்காரன்:
வணக்கம். சிகாகோவில் பில்சன் பக்கம் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. 18-வது தெருவை ஒட்டி ஒரு சின்ன மெக்சிகன் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, ஏழெட்டு மேசைதான். வீட்டம்மா அடுப்படியில், அவர் கணவர் கல்லாவில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள் பரிமாறுகிறாள். வாசலைத் தாண்டும்போதெல்லாம் மக்காச்சோள மாவு வேகும் வாசனை ஆளை இழுக்கிறது. அடுத்த வாரம் ஊரிலிருந்து அம்மா வருகிறார்கள், முட்டைகூடத் தொட மாட்டார்கள். மெனு முக்கால்வாசி ஸ்பானிஷ். பீன்ஸும் சோறும் எப்படியும் சைவம்தானே, நம்பி வாங்கித் தரலாமா?

கொத்தமல்லி:
அவசரப்படாதீர்கள் தம்பி, அந்த இரண்டில்தான் விஷயமே இருக்கிறது. மசித்து வதக்கிய பீன்ஸைப் பழைய வீட்டு முறையில் செய்பவர்கள் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குவார்கள், அதற்கு மான்தேக்கா என்று பெயர். சிவப்பாக வரும் சோறு பெரும்பாலும் தக்காளியோடு கோழிச் சாற்றில் வெந்திருக்கும். இலையில் சுற்றி வேகவைக்கும் தமால் என்ற மக்காச்சோளக் கொழுக்கட்டை மாவிலும் மான்தேக்கா சேர்ப்பது வழக்கம். "கறி இல்லாமல்" என்று மட்டும் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், அவர்கள் பொய் சொல்லவில்லை, கறித்துண்டு இல்லை என்று அர்த்தம். அதனால் "சின் மான்தேக்கா, சின் கால்தோ தெ போயோ" என்று கேளுங்கள், கொழுப்பும் கோழிச் சாறும் இல்லாமல் என்று பொருள். சீலே ரெயேனோ என்ற சீஸ் அடைத்த மிளகாய் பார்க்கச் சைவமாகத் தெரியும், ஆனால் மிளகாயை முட்டை மாவில் முக்கித்தான் பொரிப்பார்கள், அம்மாவுக்கு வேண்டாம். டார்ட்டியா என்பது நம் சப்பாத்தி மாதிரி ரொட்டி, மைதாவில் செய்ததில் கொழுப்பு இருக்கலாம், மக்காச்சோள டார்ட்டியா கேளுங்கள். பூசணிப்பூவும் சீஸும் வைத்து மடித்த டார்ட்டியா, கெசடியா என்பார்கள், அது கிடைத்தால் விடாதீர்கள்.

டெக்சாஸ் அண்ணாச்சி:
கொத்தமல்லி சொன்னது சரி. நான் சான் அன்டோனியோவில் இருக்கிறேன், பத்து வருடமாக ஒரே குடும்பக் கடையில் சாப்பிடுகிறேன். அம்மாவிடம் டார்ட்டியா மாவைப் பற்றிச் சொல்லுங்கள், கட்டாயம் பிடிக்கும். காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவி எடுத்துவிட்டு அரைக்கிறார்கள். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான். அப்படிச் செய்தால்தான் மாவு பிடிபடும், சோளத்தில் உள்ள நியாசின் சத்தும் உடம்பில் சேரும். இந்த வேலையை விட்டுவிட்டு வெறும் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஊர்களில் பெலாக்ரா என்ற நோய் ஆயிரக்கணக்கான பேரை வாட்டியது. அப்புறம், சல்சா என்ற காரச் சட்னி அரைக்கும் மொல்காஹெத்தே என்ற மூன்று கால் கல்லைக் காட்டச் சொல்லுங்கள், எரிமலைக் கல், நம் அம்மியின் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். சனி ஞாயிறு காலையில் போகாதீர்கள். குடல் போட்ட மெனுதோ சூப்புக்குக் கூட்டம் வரும், வாசனையும் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது. வாரநாள் மதியம் மூன்று மணி வாக்கில் போனால் சமைப்பவரே நின்று பேசுவார்.

நெல்லைக்காரன்:
கொத்தமல்லி, அண்ணாச்சி, இருவருக்கும் நன்றி. நேற்று மூன்று மணிக்குப் போனோம். நீங்கள் எழுதிக் கொடுத்ததை அப்படியே படித்தேன், அந்தப் பெண் உள்ளே ஓடிப்போய் அவள் அம்மாவையே அழைத்து வந்துவிட்டாள். அவர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, பீன்ஸ் வதக்கியதில் மான்தேக்கா இருக்கிறது, சோறு கோழிச் சாற்றில் வெந்தது என்று இரண்டையும் ஒளிக்காமல் சொன்னார். வதக்காமல் உப்பும் வெங்காயமும் போட்டு வேகவைத்த பீன்ஸ் பானையில் இருந்தது, அதைத் தந்தார். சப்பாத்திக்கள்ளி மடலை முள் நீக்கி நறுக்கிக் கல்லில் வாட்டித் தந்ததைப் பார்த்து அம்மா முதலில் தயங்கினார்கள், ஊரில் வேலியோரம் கிடப்பதாயிற்றே. வாயில் வைத்ததும் வெண்டைக்காய் மாதிரி வழவழப்பு, லேசான புளிப்பு, தட்டைக் காலி செய்துவிட்டார்கள். சுண்ணாம்பு என்று நான் சொன்னதை நம்பாமல், அந்த அம்மாவிடம் ஒரு உருண்டை மாவு கேட்டு வாங்கி முகர்ந்து பார்த்தார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது, ஆனாலும் கால் மணி நேரம் அந்தக் கல்லடுப்பு முன்னாலேயே நின்று டார்ட்டியா உப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணியில் சுற்றி நான்கு டார்ட்டியா கையில் கொடுத்தனுப்பினார், அதற்குக் காசு வாங்கவில்லை.

வியாழன் மதியம் மறுபடி போகிறோம். ஊரிலிருந்து கொண்டுவந்த நார்த்தங்காய் ஊறுகாயில் ஒரு சின்ன பாட்டில் அவர்களுக்கென்று அம்மா தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள்.