பட்டறையில் முதலாளியின் நாய்: எங்கே வைப்பது, எப்படிச் சமாளிப்பது?

கவுண்டர்_கிராணி எழுதியது:

வணக்கம். மலேசியா, பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் டவுன்ல ஸ்பேர்பார்ட்ஸ் கடை, பின்பக்கம் கார் பட்டறை. முதலாளி தன் நாயைத் தினமும் காலை எட்டரைக்குக் கூட்டி வந்து சாயந்திரம் ஆறு மணிக்குக் கொண்டுபோகிறார். நாட்டு நாய், ஆண், பத்து மாசம், 14 கிலோ, காயடிக்கவில்லை. கவுண்டரில் நானும் ஒரு மலாய்க்காரத் தங்கச்சியும், பின்னால் மூன்று மெக்கானிக்.

பிரச்சினைகள்: கதவு திறந்தாலே குரைக்கிறது. டயர் ரேக்குக்கு அடியில் மூத்திரம் போகிறது, மதியத்துக்கு மேல் நாற்றம் தாங்கவில்லை. கார் அடியில் ஒழுகிய கூலன்ட்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) நக்கப் போனதை மெக்கானிக் இழுத்துப் பிடித்தார். மலாய்க்காரத் தங்கச்சி வாய் திறந்து எதுவும் சொல்வதில்லை, ஆனால் நாற்காலியைத் தள்ளித் தள்ளிச் சுவர் ஓரம் போய்விட்டாள்.

நாயை வீட்டில் விடுங்கள் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. நாய் இருக்கும், நாங்களும் இருப்போம் என்று வைத்துக்கொண்டு வழி சொல்லுங்கள்.

ஸ்பேனர்14 எழுதியது:

குரைப்பு, நாற்றம் எல்லாம் அப்புறம். முதல்ல கூலன்ட்.

பச்சையோ சிவப்போ, கடையில் விற்கும் கூலன்ட்டில் பெரும்பாலும் எத்திலீன் கிளைகால் இருக்கும். அது இனிக்கும், அதனால்தான் நாய் தேடிப் போய் நக்குது. கலக்காத கூலன்ட் கிலோவுக்கு நாலரையிலிருந்து ஆறரை மில்லி போனாலே உயிருக்கு ஆபத்து. உங்க நாய்க்குக் கணக்குப் போட்டால் 60லிருந்து 90 மில்லி, அதாவது ஒரு சின்னத் தேத்தண்ணி கிளாஸ். தண்ணி பாதி கலந்திருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு. கொஞ்சம்தானே நக்கிச்சு என்று விட்டுவிடக் கூடாது, குறைந்த அளவிலும் சிறுநீரகம் கெடும்.

அறிகுறி ஏமாத்தும். முதல் சில மணி நேரம் குடிச்சவன் மாதிரி தள்ளாடும், வாந்தி எடுக்கும், தண்ணியா குடிக்கும். அப்புறம் தெளிஞ்ச மாதிரி எழுந்து நிக்கும். எல்லாரும் நல்லாயிடுச்சு என்று வீட்டுக்குப் போயிடுவாங்க. உள்ளே சிறுநீரகம் கெட்டுக்கிட்டு இருக்கும், ஒன்றிலிருந்து மூன்று நாளில் மூத்திரமே நின்னுபோகும். விஷமுறிவு மருந்து எட்டு மணி நேரத்துக்குள் போனால்தான் நம்பிக்கை, சீக்கிரமா போகப் போக நல்லது. அதனால் நக்கினதைப் பார்த்தால் அறிகுறிக்குக் காத்திருக்காதீங்க. உப்புத்தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வைக்கிற வேலையும் வேண்டாம், உப்பே விஷமாயிடும். கூலன்ட் பாட்டிலைக் கையில் எடுத்துக்கிட்டு ஈப்போவில் இருக்கிற கால்நடைக் கிளினிக்குக்குக் கிளம்புங்க. ராத்திரியில் எந்தக் கிளினிக் திறந்திருக்கும் என்று இன்றைக்கே போன் போட்டுக் கேட்டு, நம்பரைக் கவுண்டர் சுவரில் ஒட்டி வையுங்க.

ஒழுகினதுக்கு மரத்தூள் போடுவீங்க, சரி. ஆனால் ஊறின மரத்தூளைக் கூட்டி மூடியில்லாத தொட்டியில் கொட்டினால் நாய் அங்கே போய் நக்கும். மூடி போட்ட டின்னில் போடணும். அந்த இடத்தைச் சவர்க்காரத்தண்ணியால் கழுவி, அந்தத் தண்ணியையும் மரத்தூளிலேயே எடுத்துடுங்க, லொங்காங்கில் (சாக்கடையில்) தள்ளிவிடாதீங்க. ரேடியேட்டர் கழட்டும்போது அடியில் தட்டு வைக்கிறோம் இல்லையா, வேலை முடிஞ்சதும் அந்தத் தட்டு தரையிலேயே கிடக்கும். தப்பு நடக்கிறது பெரும்பாலும் அங்கேதான்.

புரொப்பிலீன் கிளைகால் போட்ட கூலன்ட்டும் இருக்கு, விஷம் குறைவு. கொஞ்சம் விலை கூட. முதலாளிக்கு நாய் மேல் அவ்வளவு பாசம் இருந்தால் அதை வாங்கட்டும். வாடிக்கையாளர் காரில் இருந்து வடியறது பழைய கூலன்ட்தான் என்பதால் இது முழுத் தீர்வு இல்லை.

அடுத்தது பேலன்ஸிங் ஈயம், சக்கரத்தைச் சமப்படுத்த மாட்டுற சின்ன எடைக்கட்டி. பேர்தான் ஈயம், இப்போ நிறைய துத்தநாகத்தில் வருது. விழுங்கினால் வயித்து அமிலத்தில் கரைஞ்சு சிவப்பணுக்களை உடைக்கும், ஈறு வெளுத்துப் போகும், மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் வரும். டயர் மாத்துற இடத்தில் சாயந்திரம் காந்தம் போட்டுத் தேடினால் இரும்புதான் ஒட்டும், ஈயமும் துத்தநாகமும் ஒட்டாது. துடைப்பம்தான் வழி. பேட்டரி முனையில் பூக்கிற வெள்ளைப் பொடியும் பிரேக் எண்ணெயும் இதே வரிசைதான்.

சுருக்கமா, ஹாய்ஸ்ட் (காரைத் தூக்குற மேடை) இருக்கிற பக்கம் நாய் வரவே கூடாது. தடுப்புக் கதவு போடுங்க. "பார்த்துக்கிறோம்" என்று மெக்கானிக் சொன்னால் நம்பாதீங்க, கார் அடியில் படுத்திருக்கிறவன் எதைப் பார்ப்பான்?

செம்பனைக்காட்டுக்காரன் எழுதியது:

ஸ்பேனர் அண்ணே எலி மருந்தை விட்டுட்டார். டயர் அடுக்கி வைத்த கடையில் எலி இல்லாமல் இருக்காது, மெழுகுக் கட்டி மாதிரி நீலம், சிவப்பு மருந்து எங்கேயாவது மூலையில் கிடக்கும். அது இரத்தம் உறையாமல் செய்யும் வகை. தின்றவுடன் ஒன்றும் தெரியாது, மூன்றிலிருந்து ஐந்து நாள் கழித்துத்தான் மூக்கில், மலத்தில் இரத்தம் அல்லது மூச்சு வாங்கல். வைட்டமின் கே1 வாரக்கணக்கில் கொடுக்கணும், வேற வைட்டமின் கே வேலை செய்யாது. பூட்டு போட்ட பெட்டிக்குள் வையுங்க, இல்லாட்டி பழைய எலிப்பொறியே போதும்.

சாயந்திரம் தோட்டத்துப் பக்கம் நடக்கக் கூட்டிப் போனால் வாரை விடாதீங்க. செம்பனை மரத்தடியில் வீசி வைக்கிறதும் இதே கட்டிதான். மருந்து அடித்த புல்லில் மேய விடவும் கூடாது. பாராகுவாட் 2020லேயே தடையாயிடுச்சு, மற்ற களைக்கொல்லி இன்னும் அடிக்கிறாங்க. புல் மஞ்சளா இருந்தால் வேற பாதை.

வாலாட்டி எழுதியது:

குரைப்புக்கு வருகிறேன். நாய் கதவைக் காவல் காக்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு ஆள் வருகிறார், இது குரைக்கிறது, சாமான் வாங்கிக்கொண்டு அவர் போய்விடுகிறார். தான் குரைத்ததால்தான் போனார் என்பது நாயின் கணக்கு. ஒரு நாளைக்கு அறுபது வாடிக்கையாளர் என்றால் அறுபது முறை அந்தக் கணக்கு சரியாக வருகிறது. நீங்கள் "சும்மா இரு" என்று கத்தினால் கூடச் சேர்ந்து குரைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளும்.

ஆகவே முதலில் பார்வையை மறையுங்கள். கவுண்டருக்குப் பின்னால், கதவு தெரியாத மூலையில் கூண்டு. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து பத்து செண்டிமீட்டர் கூட்டினால் நீளம். எழுந்து நின்று திரும்ப முடியணும், அதற்கு மேல் பெரிதாக வேண்டாம், ஒரு ஓரத்தைக் கக்கூஸ் ஆக்கிவிடும். மூன்று பக்கம் துணி போடுங்கள், காற்றுக்கு ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். கம்ப்ரசர் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். திடீரென்று காற்று அடிக்கும் சத்தத்தில் பயந்த நாய் அந்த இடத்தையே வெறுக்கும்.

பிறகு பழக்கம். கடை திறப்பதற்கு முன் ஒருவர் வெளியே நிற்கட்டும். கதவை அரை அங்குலம் திறந்து மூட வேண்டும். நாய் காதை உயர்த்துகிற அந்த நொடியில், குரைப்பதற்கு முன், அவித்த கோழி ஒரு பட்டாணி அளவு. ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. அரை அங்குலத்துக்குக் குரைக்காவிட்டால் அடுத்த நாள் அரைக் கதவு, அதற்கடுத்து முழுக் கதவு, அதற்கப்புறம் ஆள் உள்ளே வருவது. நடுவில் குரைத்தால் தின்பண்டம் இல்லை, திட்டும் இல்லை, முந்தைய படிக்கு இறங்குங்கள். எல்லாரும் தவறு செய்வது இங்கேதான்: குரைத்த பிறகு வாயை மூட பிஸ்கட் போடுவார்கள். குரைத்தால் பிஸ்கட் என்று ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளும்.

கட்டித்தான் வைக்க வேண்டும் என்றால் கழுத்தில் வேண்டாம், மார்பு வார். ஒன்றரை மீட்டர், சுழலும் கொக்கி, ஆள் அருகில் இருக்கும்போது மட்டும். பத்து மாதம் என்பது விடலைப் பருவம், சக்தியை வடிக்காமல் எதுவும் நடக்காது. எட்டரைக்கு முன் இருபது நிமிடம் மோந்து மோந்து நடக்க விடுங்கள், பன்னிரண்டரைக்கும் நாலு மணிக்கும் பத்துப் பத்து நிமிடம். மூத்திரப் பிரச்சினையில் பாதி இதிலேயே தீரும்.

சாப்பாட்டு மேசை மிச்சம் போடுகிற மெக்கானிக் ஒருவர் எல்லாப் பட்டறையிலும் உண்டு. வெங்காயம் பூண்டு போட்ட குழம்பு, திராட்சை போட்ட கேசரி, சமைத்த கோழி எலும்பு மூன்றும் கூடாது என்று அவரிடம் நேராகச் சொல்லுங்கள்.

நீலவாளி எழுதியது:

நாற்றத்துக்கு: குளோரோக்ஸ் ஊத்தாதீங்க. மூத்திரத்தில் இருக்கிற அமோனியாவோடு சேர்ந்தால் கண்ணும் மூச்சும் எரிகிற வாயு வரும், அடைத்த ரேக் அடியில் இன்னும் மோசம். முதலில் துணியில் ஒத்தி எடுத்து, வெறும் தண்ணி, அதன் பிறகு என்சைம் கிளீனர் நனைய நனைய ஊத்தி லேபிளில் போட்ட நேரம் விடணும். துடைச்சுட்டுப் போனால் வேலை செய்யாது. சிமெண்டு தரை உறிஞ்சி வெச்சிருக்கும், மூன்று நாலு முறை ஆகும். ரேக்கைத் தரையிலிருந்து முப்பது செண்டிமீட்டர் தூக்குங்க, துடைப்பம் உள்ளே போகட்டும்.

காயடிச்சால் அடையாளம் போடுற மூத்திரம் பெரும்பாலான நாய்க்குக் குறையும், உடனே இல்லை, சில வாரம் ஆகும்.

இபோ_பாய் எழுதியது:

மலாய்க்காரத் தங்கச்சி விஷயம். சுவர் ஓரம் போனதிலேயே அவர் சொல்லியாச்சு, வாய் திறந்து சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே தனியாகக் கேளுங்கள். எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு நாய் அதே அறையில் இருந்தால் கவலையில்லை, சிலருக்குப் பயம், சிலருக்கு மார்க்க விஷயம்.

இங்கே முஸ்லிம்களின் நடைமுறை ஷாஃபி வழி (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று). உலர்ந்த கை உலர்ந்த ரோமத்தில் பட்டால் கழுவ வேண்டியதில்லை. ஈரம்தான் பிரச்சினை: எச்சில், மூக்கு, நனைந்த உடம்பு. பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்த தண்ணீர், முதல் முறையே மண் என்றால் சிறப்பு. செர்த்து சவர்க்காரம் (இப்படிக் கழுவுவதற்கென்றே மண் கலந்து செய்வது) கடைகளில் கிடைக்கும், ஒன்று வாங்கிக் கை கழுவும் இடத்தில் வையுங்கள். அவர் கேட்காமலே வைத்திருப்பதே பாதி நிம்மதி.

நாய்க்குத் தனி வாளி, தனி மாப்பு. நிறம் வேறாக இருக்கணும், "யாரும் மாத்த மாட்டாங்க" என்பதெல்லாம் நடக்காது. அவர் தொழுகிற இடம், கப் வைக்கிற அலமாரி, நாற்காலி மூன்றுக்கும் நாய் போகாத பாதை. பார்ட்ஸ் டெலிவரி வேனில் நாயை ஏற்றுகிறார்களா என்றும் பாருங்கள், அந்த இருக்கையில் அவரும் உட்காருவார்.

வாடிக்கையாளருக்குக் கதவிலேயே "அடா அஞ்சிங் டி டாலாம்" (உள்ளே நாய் இருக்கிறது) என்று எழுதி, காக்கி லீமாவில் (கடை முன் நடைபாதையில்) ஒரு மணி வையுங்கள். உள்ளே வர விரும்பாதவர் மணியடித்தால் நீங்கள் வெளியே போய் சாமான் கொடுக்கலாம். வாசலில் நாய் படுத்திருந்தால் பாதி மலாய் வியாபாரம் எதிர்க்கடைக்குப் போகும், இதை முதலாளிக்கு வெள்ளி (ரிங்கிட்) கணக்கில் சொல்லுங்கள், புரியும்.

கால்நடை_உதவி எழுதியது:

லைசென்ஸ் இருக்கிறதா? குவாலா கங்சார் நகராண்மைக் கழகத்தில் கேட்டு, வில்லையைக் கழுத்துப் பட்டையில் மாட்டுங்கள். வில்லை இல்லாமல் காக்கி லீமாவில் திரிந்தால் பிடித்துப் போவார்கள். கட்டி வைத்துத் தண்ணீரில்லாமல் விடுவது 2015 விலங்கு நலச் சட்டத்தின் கீழ் குற்றம், அது முதலாளிக்கும் பொருந்தும். 14 கிலோவுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் குறைந்தபட்சம், தகரக் கூரைக்கடியில் அதைவிடக் கூட. மின்விசிறி தரை மட்டத்தில். நாக்கு நீளமாகத் தொங்கி, ஈறு அடர்சிவப்பாகி, தள்ளாடினால் வெப்ப அதிர்ச்சி: சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறி வைத்து, அப்படியே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். ஐஸ் கட்டி வேண்டாம்.

ஊசியில் லெப்டோ சேர்ந்திருக்கணும், ஆண்டுக்கு ஒருமுறை. எலி மூத்திரத்தில் பரவுகிற நோய், மனிதருக்கும் வரும், மாப்பு போடுகிறவர் கையுறை போடட்டும். வெறிநோய் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வந்தது, 2017இலிருந்து சரவாக்கில். பேராக் கெடாவுக்குப் பக்கம், அந்த ஊசியையும் டாக்டரிடம் கேளுங்கள்.

டயருக்குள் நிற்கும் தண்ணீரைக் கவிழ்த்துவிடுங்கள். கொசு மூலம் நாய்க்கு இதயப்புழு, உங்களுக்கு டிங்கி (டெங்கு), ஒரே வேலையில் இரண்டும் குறையும். உண்ணிக்கு மாதம் ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாத்திரை. ஆனால் உண்ணி முட்டை நாய் மேல் இல்லை, சுவர் விரிசலில். கூண்டு இருக்கும் சுவரின் விரிசலைப் பூசி அடையுங்கள். தோட்டத்துப் பூச்சிமருந்தைக் கலக்கிக் குளிப்பாட்டுகிற பழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு, அது நாயைக் கொன்றுவிடும்.

கவுண்டர்_கிராணி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தங்கச்சியிடம் கேட்டேன், நாய் நாற்காலிக்குப் பக்கம் வராமல் இருந்தால் போதும் என்றாள். கடைக்கும் பட்டறைக்கும் நடுவே உள்ள வழி 85 செண்டிமீட்டர் அகலம். குழந்தைகளுக்குப் போடுகிற தடுப்புக் கதவு தாங்குமா?

ஸ்பேனர்14 எழுதியது:

சுவரை அழுத்தி நிக்கிற வகை வேண்டாம், 14 கிலோ ரெண்டு தடவை மோதினால் நழுவும். ஸ்குரூ போடுறதா வாங்குங்க. உயரம் 90 செண்டிமீட்டருக்குக் குறையாம இருக்கணும், கம்பி நெட்டுக்குத்தா இருக்கணும். குறுக்குக் கம்பின்னா ஏணி மாதிரி ஏறிடும். கம்பி இடைவெளி அஞ்சு செண்டிமீட்டருக்குள்ள, அடியிலும் அதே. மெக்கானிக் ரெண்டு கையிலும் சாமான் தூக்கிட்டு வருவான், அதனால தானா மூடுற ஸ்ப்ரிங் இருக்கிறதா பாருங்க. தீ விபத்துன்னா ஓடுற வழியும் அதுதான்னா பூட்டு போடாதீங்க, கொக்கி மட்டும், அதுவும் மேல் பக்கம்.